பட்டாசு உப்பின் சரித்திரம்



கிள்ளான் கடைவீதியில் தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டால் என் வகுப்பில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "சார், தீக்குச்சி மருந்தைச் சுரண்டி நாங்களே வெடி செய்யப் போறோம்!" பெற்றோரிடம் சொன்னால், "நாங்க செய்யாததா சார்?" என்று சிரிக்கிறார்கள். அந்த மருந்தின் சரித்திரத்தை அறிந்தால் சிரிப்பு வராது.

எதுவும் எரியப் பிராணவாயு வேண்டும். அடுப்பை ஊதுகுழலால் ஊதுகிறோம். சுருட்டிக் கட்டிய பட்டாசுக்குள் காற்று ஏது? அங்கே பிராணவாயுவைத் தருவது ஓர் உப்பு. சீனர்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கரியோடும் கந்தகத்தோடும் வெடியுப்பைச் சேர்த்து வெடிமருந்து கண்டார்கள். தீப்பொறி பட்டால் அதுவும் ஆபத்துதான். ஆனாலும் உரசலைக் கொஞ்சம் பொறுக்கும்.

பின்னர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பெர்த்தோலே, பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பைக் கண்டுபிடித்தார். வேகம் அதிகம், பொறுமை குறைவு. 1788-இல் எஸ்ஸோன் என்ற ஊரில் வெடியுப்புக்குப் பதிலாக இதைப் போட்டு மருந்து அரைத்தபோது, அது வெடித்து இருவர் மாண்டனர். பார்க்க வந்திருந்த விஞ்ஞானி லவாய்சியர் தப்பித்தார்.

வண்ண ஒளிக்காகப் பட்டாசுக்காரர்கள் குளோரேட்டை விடவில்லை. அது கந்தகத்தோடு சேர்ந்தால் உரசலே போதும். எத்தனையோ உயிர்கள் போன பிறகு, அந்தக் கலவையை பிரிட்டன் 1894-இல் தடை செய்தது. இந்தியா 1992-இல் தடை செய்தது. சற்று நிதானமான பெர்குளோரேட் அதன் இடத்திற்கு வந்தது.

தீக்குச்சித் தலையில் இருப்பதும் குளோரேட்டே. பசையில் குழைத்துக் கட்டிவைத்திருக்கிறார்கள். சுரண்டிப் பொடியாக்கினால் கட்டு அவிழ்ந்தது என்று அர்த்தம்! அன்று ரப்பர் தோட்டங்களில் புல்லுக்கு அடித்த சோடியம் குளோரேட்டும் இதே குடும்பந்தான். அந்த மருந்து ஊறிக் காய்ந்த துணியில் நெருப்புப் பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

நம் பக்கத்துச் சரித்திரமும் உண்டு. 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. 26 பேர் இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். 1994-இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வரக் காரணமானவற்றுள் இவ்விபத்தும் ஒன்று. இன்று தோட்டத்தில் மருந்து அடிக்கும் நமக்கும் அச்சட்டம் காவல்.

பரம்பரையாகத் தொழில் செய்தவர்களுக்கே அடங்காத உப்பு, பத்து வயதுப் பிள்ளைக்கு அடங்குமா? சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன் இதே விளையாட்டில் வலக்கை விரல்கள் இரண்டை இழந்தான். "கொஞ்சம்தான் சார் போட்டேன்" என்று அழுதான். பிறகு இடக்கையால் 'அ' எழுதிப் பழகினான்.

பெற்றோர்களே, இன்று மேடையில் பரிசு வாங்க நீளும் கைகளைப் பாருங்கள். அடுத்த தீபாவளிக்கும் அவை முழுசாக இருக்கட்டும்!