கொம்பனித் தெரு: நடைதூரத்தின் வரலாறு

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கு நோக்கிப் பேரை வாவியின் ஓரமாக நடப்பவர் அரைமணி நேரத்திற்குள் கொம்பனித் தெருவை அடைந்துவிடலாம். ஒரு காலத்தில் அங்கு ஒன்றையொன்று தாங்கி நின்ற வீட்டு வரிசைகளையும், வீதியிற் கால் வைத்தாற்போல் அமைந்த திண்ணைகளையும், கீழே கடையும் மேலே குடியிருப்புமான பழைய மாடிக் கட்டடங்களையும் எங்கும் காணலாம். இன்று அவற்றுட் பல இல்லை. எஞ்சியவை வானளாவும் கட்டடங்களின் நிழலில் ஒதுங்கி நிற்கின்றன. அப்புதிய மாளிகைகளை விற்போர் முதன்மையாக எடுத்துச் சொல்லும் சிறப்பு யாது? நகரின் நடுப்பகுதிக்கு நடந்தே செல்லலாம் என்பதுதான்.

இச்சிறப்பு புதிதன்று. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இத்தெருவில் வாழ்ந்த எளிய மக்களிடமிருந்த ஒரே செல்வம் அதுவேயாகும். அச்செல்வம் அவர்கள் கையில் எவ்வாறு வந்தது, எவ்வாறு பறிபோகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். தமிழில் கொம்பனித் தெரு என்றும், சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய என்றும் வழங்கும் பெயரில் உள்ள ‘கொம்பனி’ ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியே. ஆங்கிலேயரோ இவ்விடத்தை ‘அடிமைத் தீவு’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஆண்டானின் பெயரை ஒரு மொழியும் அடிமையின் பெயரை இன்னொரு மொழியும் காத்து வைத்தன. 1656 இற் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் இந்தியக் கரைகளிலிருந்தும் இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் கொணரப்பட்ட அடிமைகளைக் கோட்டையின் கட்டட வேலைகளிலும் சுமை வேலைகளிலும் ஈடுபடுத்தினர். பகலில் அவர்களது உழைப்புக் கோட்டைக்குள் வேண்டியிருந்தது. இரவிலோ அவர்கள் கோட்டைக்குள் இருப்பதை ஆண்டோர் அஞ்சினர். எனவே, வாவி நீர் இடையிற் கிடக்கும் இந்நிலப்பரப்பில் இராக்காலங்களில் அவர்களை அடைத்து வைத்தனர். தப்பியோடாதிருக்க வாவியில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இங்கே ஒரு விதியை நாம் காண்கின்றோம். உழைப்பவன் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் கூடத்தில் இருக்கக் கூடாது. கொம்பனித் தெருவின் பின்னைய வரலாறு முழுவதும் இவ்விதியின் வெவ்வேறு வடிவங்களே எனக் கூறுதல் மிகையாகாது.

1796 இல் கொழும்பு பிரித்தானியர் வசமாயிற்று. 1844 இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே இவ்விடத்திற்கு வேறொரு மக்கட்கூட்டம் வந்து சேர்ந்திருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரராகவும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களாகவும் வந்தோரின் வழியினரைப் பிரித்தானியர் தம் படையிற் சேர்த்துக்கொண்டனர். 1827 இல் அமைந்த இலங்கை றைபிள் படைப்பிரிவில் மலாயரே பெரும்பங்கினராயினர். மலே வீதி, ஜாவா லேன், றைபிள் வீதி ஆகிய பெயர்கள் அக்காலத்தின் சுவடுகளாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றிய வேகந்தைப் பள்ளிவாசல் அச்சமூகத்தின் நடுநாயகமாயிற்று. கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும், செபமாலை மாதா ஆலயமும், வாவிக்கு அப்பாலுள்ள பௌத்த விகாரையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து செல்லக்கூடிய அண்மையிலேயே உள்ளன.

இம்மலாய மக்களைப் படைக்கலம் ஏந்தியவர்களாக மட்டும் எண்ணுதல் தவறாகும். 1869 இல் ‘அலாமத் லங்காபுரி’ என்னும் மலாய் மொழிச் செய்தித்தாள் அறபு எழுத்தில் கொழும்பிலிருந்து வெளிவந்தது. அதனை நடத்தியவர் பாபா யூனுஸ் சல்தீன். உலகின் மிகப் பழைய மலாய்ச் செய்தித்தாள்களுள் ஒன்று இவ்வூர்ச் சிறுபான்மையினர் ஒருவரின் முயற்சியால் தோன்றியதென்பது நம் பாடநூல்கள் போதிய அளவு எடுத்துரைக்காத செய்தி. 1872 இற் கொழும்பு மலாய் கிரிக்கெட் கழகம் தோன்றியது. மறுவருடமே, 1873 இல், றைபிள் படை கலைக்கப்பட்டது. படையிலிருந்து விலக்கப்பட்டோர் பொலீஸ் சேவையிலும் தீயணைப்புப் படையிலும் தோட்டங்களிலும் பிழைப்புத் தேடினர். அடிமைக்கு அடுத்துச் சிப்பாயும் தேவையற்றவனானான்.

அவ்விருவரின் இடத்துக்கும் வந்தவன் கூலித் தொழிலாளி. இம்மாற்றத்தின் காரணங்களை நாம் பொருளாதார வரலாற்றிலேயே தேடவேண்டும். 1869 க்கும் 1871 க்கும் இடையிற் கொழும்புக் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885 இல் முற்றுப்பெற, காலித் துறைமுகத்தின் முதன்மை கொழும்புக்கு மாறியது. மலைநாட்டிலிருந்து முதலில் கோப்பியும், அது நோயால் அழிந்த பின்னர் தேயிலையும் புகையிரதத்தில் வந்து குவிந்தன. அவற்றைச் சேமிக்கவும் தரம்பிரிக்கவும் பொதிசெய்யவும் பேரை வாவிக் கரையில் ஆலைகளும் பண்டகசாலைகளும் எழுந்தன. தோட்டங்களுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்வதற்கும் திருத்துவதற்கும் பொறியியற் பட்டறைகள் தோன்றின. 1876 இல் நிறுவப்பட்ட கொழும்பு கொமர்ஷல் கொம்பனி கொம்பனித் தெருவிலேயே தன் பட்டறையை நடத்தியது.

பட்டறைக்கு ஆட்கள் வேண்டும். ஆட்களுக்கு வீடு வேண்டும். அக்காலத் தொழிலாளிக்கு வண்டிக் கூலி கொடுத்து வேலைக்குச் செல்லும் நிலை இல்லை. சங்கு ஊதுமுன் நடந்து சேரக்கூடிய தூரத்தில் அவன் குடியிருக்க வேண்டும். இத்தேவையை உணர்ந்த செல்வர்கள் சிறு நிலத்துண்டுகளிற் பல வீடுகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டனர். பின்னால் ‘தோட்டம்’ என்றும் ‘முடுக்கு’ என்றும் பெயர்பெற்ற நெருக்கமான குடியிருப்புகள் இவ்வாறே தோன்றின. ஒரு குழாய், ஒரு மலசலகூடம், இருபது முப்பது குடும்பங்கள். பழைமையின் அழகை வியந்து எழுதுவோர் இக்குழாயடி வரிசையை மறந்துவிடுகின்றனர். நாம் அதனை மறக்கலாகாது.

ஆயினும் தனக்கென்று வகுக்கப்பட்ட இந்நெருக்கத்தைத் தொழிலாளி தன் ஆயுதமாகவும் மாற்றிக்கொண்டான். மதியம் வீட்டுக்கு வந்து உண்டு திரும்ப முடிந்ததால் உணவுச் செலவு குறைந்தது. பெண்கள் அதிகாலையில் அப்பமும் இடியப்பமும் அவித்து அயலிலேயே விற்றனர். வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். சம்பளநாள் வரை மூலைக்கடை முதலாளி கடன் கொடுத்தார். ஒரே கிணற்று நீரையும் ஒரே சுவரையும் பகிர்ந்துகொண்ட மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் ஒருவர் மொழியை மற்றவர் பேசப் பழகினர். இவற்றுள் எதுவும் எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை. எனினும் கூலி போதாத குடும்பம் மாதக் கடைசியைக் கடந்தது இவற்றினாலேதான்.

அரசியலுக்கும் இந்நடைதூரம் துணைசெய்தது. 1859 இற் காலிமுகத்திடலில் நடைபாதையை நிறைவுசெய்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பிலுள்ள சீமாட்டிகளும் குழந்தைகளும் உலாவுவதற்கென அதனை விட்டுச் சென்றார். அவர் எண்ணியிராத கால்களும் பின்னர் அத்திடலில் நடந்தன. ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் நடந்த 1923 பொது வேலைநிறுத்தம், 1927 துறைமுக வேலைநிறுத்தம், 1929 டிறாம் வேலைநிறுத்தம் ஆகியவை எல்லாம், துண்டுப்பிரசுரம் அச்சாகுமுன்பே செய்தி வாய்வழி பரவக்கூடிய நெருங்கிய குடியிருப்புகளை உடைய நகரிலேயே சாத்தியமாயின.

ஆட்சியாளர் இக்குடியிருப்புகளை எவ்வாறு நோக்கினர்? 1915 இன் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அவற்றைச் சுகாதாரப் பிரச்சினையாகக் கண்டது. 1921 இற் கொழும்புக்கு நகரத் திட்டம் வகுத்த பற்றிக் கெடிஸ் சற்று வேறுவிதமாகச் சிந்தித்தவர். இந்திய நகரங்களில் அவர் வற்புறுத்திய முறை, பேட்டைகளை அடியோடு இடித்து நேர்வீதிகள் போடுவதன்று. பழுதுபட்ட சிலவற்றை மட்டும் அகற்றிக் காற்றும் வெளிச்சமும் வரச்செய்து, மக்களை அவ்விடத்திலேயே வாழவிடுவதாகும். அவ்வழியே முழுமையாகப் பின்பற்றப்பட்டிருப்பின் கொம்பனித் தெருவின் கதை வேறாக முடிந்திருக்கலாம்.

சுதந்திரத்திற்குப் பின்னர் வாடகைக் குடியாளனின் பக்கம் சட்டம் தெளிவாகச் சாய்ந்த காலம் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலமே. 1972 இன் வாடகைச் சட்டம் அவனைத் திடீர் வெளியேற்றத்திலிருந்து காத்தது. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது வந்த 1973 இன் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லையிட்டு, குடியிருந்தோர் பலர் சொந்தக்காரராக வழி திறந்தது. குறைகளும் இருந்தன. வீடு கைமாறியது, குழாயும் கழிவு வாய்க்காலும் பழையபடியே இருந்தன. எனினும் ஒரு தலைமுறை முதன்முறையாகத் தன் சுவரில் ஆணியடிக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாத நிலையை அடைந்தது.

1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. நிலத்தின் விலை ஏறியது. 1983 யூலையில் இனவெறித் தீ இத்தெருவையும் தீண்டிற்று. 1965 இல் திறக்கப்பட்ட, தமிழர் ஒருவருக்குச் சொந்தமான றியோ திரையரங்கு எரியூட்டப்பட்டது. அதன் கரிபடிந்த எலும்புக்கூடு பல்லாண்டுகள் அங்கேயே நின்று, அண்டை வீட்டு நட்பு மட்டும் ஓர் அரசியற் சதியைத் தடுத்து நிறுத்தப் போதாது என்பதை நினைவூட்டிற்று.

2009 இற் போர் முடிந்தது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் மியூஸ் வீதியில் படையினர் சூழ நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. உறுதிப் பத்திரம் வைத்திருந்தோரும் தப்பவில்லை. இதைத் தொடர்ந்து, கொழும்பில் ஏறத்தாழ 68,000 குடும்பங்கள் ‘வசதி குறைந்த’ குடியிருப்புகளில் வாழ்வதாகக் கணக்கிட்டு, அவர்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றி, ஏறத்தாழ 900 ஏக்கர் நிலத்தை விடுவிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ‘விடுவித்தல்’ என்ற சொல்லை நாம் கவனித்தல் வேண்டும். யாரிடமிருந்து, யாருக்காக?

தொடர்மாடி வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. ஒழுகாத கூரையும் தனிக் கழிப்பறையும் எவருக்கும் உரியவை. வறுமையின் நெரிசலைப் பண்பாடென்று போற்றுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. ஆனால் ஏறத்தாழ 400 சதுர அடி வீட்டுக்குப் பல குடும்பங்களிடம் பத்து இலட்சம் ரூபா தவணையாகக் கேட்கப்பட்டபோது, அவர்கள் விட்டு வந்த இடத்தின் மதிப்பு எந்தப் பக்கத்திலே எழுதப்பட்டது? கட்டடத்திற்கு விலை மதிக்கப்பட்டது. நடைதூரத்திற்கு விலை மதிக்கப்படவில்லை. பன்னிரண்டாம் மாடியில் இடியப்பம் அவிப்பவள் யாருக்கு விற்பாள்? நடந்து சென்றவன் இரண்டு பஸ் ஏறும்போது அச்செலவை யார் தருவார்? குடியிருந்த இடத்திலேயே பிற்பாடு மாடிவீடு பெற்றோரும், கட்டி முடியும்வரை வாடகை வீடுகளில் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர்.

இதே காலத்தில் ‘மரபுரிமை’ என்னும் சொல்லும் பெருவழக்காயிற்று. கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்த வைத்தியசாலை 2011 இல் உணவகங்களும் கடைகளுமாகப் புதுப்பிக்கப்பட்டது. 1988 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பெற்ற காலிக் கோட்டையில், குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பல விடுதிகளாயின. கொம்பனித் தெருவிலோ, ஏறத்தாழ 150 ஆண்டுப் பழைமையுடைய டி சொய்சா கட்டடம் 2021 இல் இல்லாதொழிந்தது. ஓரிடத்திற் சுவர் காக்கப்பட்டது, மனிதர் போயினர். மற்றோரிடத்திற் சுவரும் போயிற்று, மனிதரும் போயினர். ஆண்டவர் கட்டிய கட்டடம் காக்கத்தக்கதென்றும், உழைத்தவர் வாழ்ந்த வரிசை வீடு அகற்றத்தக்கதென்றும் கருதும் பார்வையே இரண்டிற்கும் அடிப்படை.

ஆகவே, பழைய பேட்டைகளைக் காப்பது பற்றிய விவாதத்தில் நாம் முதலிற் கேட்கவேண்டியது, எந்தத் தூணைக் காப்பது என்பதன்று. அங்கு நடந்து வேலைக்குச் சென்றவர் நாளையும் அங்கிருந்து நடந்து செல்வாரா என்பதே. நகரின் நடுவே வாழும் உரிமை, நகரைக் கட்டியவர்களுக்கு உண்டா என்பதே. அடிமை அருகில் இருக்க வேண்டுமென்று ஒல்லாந்தன் கட்டளையிட்டான். தொழிலாளி அருகில் இருக்க வேண்டுமென்று ஆலைமுதலாளி விரும்பினான். இன்று, அவர்களின் பேரப்பிள்ளைகள் தாமாகவே அருகில் இருக்க விரும்பும்போது, இடமில்லை என்கின்றனர்.

இதனை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விச் சுற்றுலாவில், கோட்டையின் வெளிச்சவீட்டைக் காட்டிய பின் மாணவரை வாகனத்தில் ஏற்றிவிடாதீர்கள். கொம்பனித் தெரு வரையும் நடத்திச் செல்லுங்கள். எஞ்சியுள்ள திண்ணையொன்றில் இருக்கும் முதியவரிடம், இவ்வீதியில் யார் யார் இருந்தார்கள் என்று அவர்கள் கேட்கட்டும், கேட்டதை எழுதட்டும். பின்னொரு நாள் ஓர் அதிகாரி இவ்விடம் ‘வசதி குறைந்தது’ என்று சொல்லும்போது, மறுத்துரைக்க அவ்வேடுகள் வேண்டியிருக்கும்.