துரை வண்டி

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைக் கொட்டகையில் கிடந்த 1976ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் பிக்கப்பை 11,000 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். ஓடாத வண்டிக்கு இவ்வளவா என்று அப்பா இரண்டு நாள் பேசவில்லை. அந்த இடம் முன்பு ரப்பர் தோட்டம். பாட்டி அங்கேதான் பால்மரம் வெட்டினார்.

ஈப்போ பட்டறையில் பெயிண்டைச் சுரண்டினோம். வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே அலுமினியம். போமன் கதவில் காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. “பாடி நூறு வருசம் தாங்கும் தம்பி. சேசிஸ்தான் உன் காச திங்கப் போவுது.”

அலுமினியத்துக்குக் காரணம் பஞ்சம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புக்குக் கட்டுப்பாடு இருந்தது. ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ், அமெரிக்க ஜீப்பைப் பார்த்து ஒரு விவசாய வண்டியை யோசித்தார். அலுமினியக் கலவையில் பாடி அடித்து, 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டினார்கள்.

சரியாக 47 நாள் கழித்து, ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர். இன்னொரு தோட்டத்தில் ஜான் எலிசன், இயன் கிறிஸ்டியன். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை வரை நீடித்தது.

இந்த வண்டி மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். மழை பெய்தால் செம்மண் சாலையில் சாதாரண கார் நகராது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி துரைக்குத் தேவைப்பட்டது. சில துரைமார் தங்கள் வாகனங்களுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் நான் படித்த நினைவுக்குறிப்புகளில் இந்தத் தகடுகளைப் பற்றி நிறைய வருகிறது. ஆனால் விடியும் முன்னே நிரைக்குள் தனியாக இறங்கியவர்களுக்கு எந்தத் தகடும் இல்லை. வெயில் ஏறினால் பால் வடியாது, அதனால் போய்த்தான் ஆக வேண்டும். காட்டிலிருந்தவர்கள் மரத்தின் பட்டையை வெட்டி நாசம் செய்தார்கள். அரசாங்கம் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டது. உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில், வேலைக்குப் போகிறவர் சோற்றுப் பொட்டலத்தைக்கூட வாசல் தாண்டிக் கொண்டுபோக முடியாது. யார் யாருக்குப் பயப்பட்டார்கள் என்பது இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வண்டிக்கு வருகிறேன். சேசிஸ் பெட்டி வடிவம். உள்ளே புகுந்த செம்மண் சேறு காயவே காயாது. துரு உள்ளிருந்து கிளம்பும், வெளியே ஓட்டை தெரியும்போது கதை முடிந்திருக்கும். இரண்டு பக்கமும் அறுத்துப் புது இரும்பு வெல்டிங் செய்தோம். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும். அதனால் சேரும் இடமெல்லாம் ரப்பர் வைத்தேன், அந்த மண்ணிலேயே விளைந்த பொருள்! பின்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றியபோது இடுக்கெல்லாம் கறுத்துப்போன ஒட்டுப்பால். அரைக் கிலோ இருக்கும்.

ஐம்பதுகளிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியிருந்தன. துண்டாடல் என்று அதற்குப் பெயர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார். எங்கள் தோட்டம் அதில் வரவில்லை. பின்னாளில் விற்றார்கள், ரப்பர் போய் செம்பனை வந்தது, லயத்தையும் இடித்தார்கள்.

பாட்டியை அழைத்துவந்து காட்டினேன். வண்டியைச் சுற்றி வந்தவர் பின்தட்டில் கை வைத்தார்.

“உங்கப்பன் பொறக்கறப்ப இதுலதான்டா ஆஸ்பத்திரிக்குப் போனேன். பால் டின்னுக்கு நடுவுல படுத்துக்கிட்டு.”

“முன்னால ஏத்திக்கலயா?”

“முன்னால சின்ன தொர உக்காந்திருந்தாருல்ல.”

இதே வண்டியா, இதைப் போல இன்னொன்றா என்று அவருக்கு நினைவில்லை. நானும் துருவவில்லை.

கதவு இன்னும் வெறும் அலுமினியமாகவே இருக்கிறது. பழைய பச்சையையே அடி என்கிறார் போமன். வேறு நிறம் என்றால் ஜேபிஜேயில் சொல்ல வேண்டுமாம். முன் சீட்டுக்கு மட்டும் புது பெல்ட் வாங்கிப் பொருத்திவிட்டேன்.