கூடைப்பந்து ஆடும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி? காலேஜ் டீம் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா முடிவெடுக்கிறது ஈஸி!

பிளஸ் 2 ரிசல்ட் வந்த கையோடு, நன்றாக கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளின் வீட்டுக்கு போன் வரத் தொடங்கிவிடும். "சீட் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, பையனை அனுப்புங்க" என்பார்கள். திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதி போன்ற இடங்களில் வசிக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய குழப்பம். உள்ளூர் கல்லூரியில் சேர்த்தால் பிள்ளை கண் முன்னால் இருக்கும். சென்னைக்கு அனுப்பினால் சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆனால் ஆட்டம் வளரும் என்கிறார்கள். உண்மையிலேயே வளருமா?

இதற்குப் பதில் தெரிய வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி கூடைப்பந்து அணி எப்படிக் கட்டப்படுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். விரிவாகப் பார்க்கலாம்.

டீம் உருவாவது மைதானத்திலா, அட்மிஷனிலா?

செலக்‌ஷன் டிரையல்ஸ் வைத்து, நன்றாக ஆடுபவர்களை எடுப்பதுதான் டீம் என்று பலரும் நினைக்கிறார்கள். சிறிய கல்லூரிகளில் அப்படித்தான். சேர்ந்திருக்கும் மாணவர்களில் யாருக்கு ஆடத் தெரியும் என்று பார்த்து அணியைத் தேர்வு செய்வார்கள்.

பெரிய கல்லூரிகளில் கதை வேறு. அங்கே டீம் அட்மிஷன் நேரத்திலேயே பாதி முடிந்துவிடும். பள்ளி அளவிலான மாநிலப் போட்டிகள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள், முதலமைச்சர் கோப்பை ஆட்டங்கள் என எல்லா இடத்திலும் கல்லூரிகளின் ஆட்கள் பிளேயர்களைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த வருஷம் படிப்பை முடித்துப் போவது பாயிண்ட் கார்டா, சென்டரா என்று பார்த்து, அந்த இடத்துக்குப் பொருத்தமான பிளஸ் 2 மாணவரைத் தேடுவார்கள்.

வந்த போனுக்கு இதுதான் அர்த்தம். உங்கள் பிள்ளையின் திறமைக்கு வந்த அழைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் கூடவே, அந்த டீமில் காலியாகும் ஏதோ ஒரு இடத்துக்கான அழைப்பும்கூட. அது எந்த இடம் என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஒரே போட்டி, இரண்டு வகைப் பல்கலைக்கழகம்

ரசிகர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் இது. கல்லூரி விளையாட்டில் பெரிய மேடை, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு தென் மண்டலத்தில் வருகிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் 4 இடம் பிடிக்கும் அணிகள், மொத்தம் 16, அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அதில் முதல் 8 இடங்களுக்குள் வந்தால் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்கான கதவு திறக்கும்.

இந்தப் போட்டியில் கல்லூரி நேரடியாக ஆடுவதில்லை. பல்கலைக்கழகம்தான் ஆடும். இங்கேதான் வித்தியாசமே.

எஸ்.ஆர்.எம்., சத்யபாமா போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அங்கே கேம்பஸ் டீம்தான் பல்கலைக்கழக டீம். ஒரே ஹாஸ்டல், ஒரே மைதானம், ஒரே கோச். காலையும் மாலையும் அதே 12 பேர் சேர்ந்து ஆடுவார்கள். யார் எந்தப் பக்கம் ஓடுவார், யாருக்கு எந்த உயரத்தில் பாஸ் போட வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போயிருக்கும்.

ரமணாசிரமம் பகுதி மாணவர்கள் அதிகம் படிக்கும் திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் அணி என்பது, பல மாவட்டங்களில் சிதறிக்கிடக்கும் கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுத்த 12 பேர். முதலில் கல்லூரிகளுக்கு இடையே போட்டி, அதிலிருந்து தேர்வு, பிறகு குறுகிய காலப் பயிற்சி முகாம், அதோடு தென் மண்டலத்துக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

வருஷம் முழுக்கச் சேர்ந்து ஆடிய 12 பேரும், முகாமில் அறிமுகமான 12 பேரும் ஒரே மைதானத்தில் மோதுகிறார்கள். அதுவும் தென் மண்டலத்தில் ஆரம்பச் சுற்றுகள் நாக்-அவுட். ஒரு நாள் சறுக்கினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தோற்றுவிட்டுத் திரும்பும் அணியைப் பார்த்து "பசங்களுக்குத் திறமை பத்தலை" என்று சொல்வது சுலபம். பத்தாமல் போனது பெரும்பாலும் சேர்ந்து ஆடிய நாட்கள்தான்.

12 பேர் பட்டியலில் என்ன இருக்கணும்?

மைதானத்தில் ஒரு நேரத்தில் 5 பேர். பட்டியலில் 12 பேர். 10 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும். ஒருவர் 5 ஃபவுல் செய்தால் வெளியே. அதனால் 5 நல்ல பிளேயர்கள் இருந்தால் மட்டும் டீம் ஆகிவிடாது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆளும் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

கல்லூரி அணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இளங்கலை 3 வருஷம். அதாவது வருஷத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டீம் காலியாகிவிடும். 12 பேரும் மூன்றாம் ஆண்டு மாணவர்களாக இருந்தால் இந்த வருஷம் கோப்பை கிடைக்கலாம், அடுத்த வருஷம் டீமே இருக்காது. விவரமான கோச் முதலாம் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 4, மூன்றாம் ஆண்டில் 4 என்று பங்கு பிரித்து வைக்கப் பார்ப்பார். முதுகலையில் சேரும் சீனியர் ஒருவர் இருந்தால் போனஸ்.

"பொடிப்பசங்களை ஏன் இறக்குறாங்க, சீனியரை ஆட விடலாமே" என்று கேலரியில் குரல் வரும். இறக்காவிட்டால் அடுத்த வருஷம் ஆட ஆள் இருக்காது என்பதுதான் கோச்சின் கணக்கு.

உயரமா, பயிற்சியா?

கூடைப்பந்தில் உயரத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கலாம். 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளையத்துக்கு உயரமான பிள்ளை பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் உயரம் மட்டும் ஒருவரை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். அந்த உயரத்தை ஆட்டமாக மாற்றியது லூதியானா கூடைப்பந்து அகாடமி. அங்கே பயிற்சியாளர் சங்கரன் சுப்பிரமணியன் அவருக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். 2010-ல் அமெரிக்காவில் பயிற்சி பெற ஸ்காலர்ஷிப் கிடைத்தது. 2015-ல் என்.பி.ஏ. டிராஃப்ட்டில் 52-வது ஆளாக டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரைத் தேர்வு செய்தது. என்.பி.ஏ. டிராஃப்ட்டில் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். ஆனாலும் என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. பெரிய டீமில் இடம் கிடைப்பது வேறு, ஆடும் நிமிடம் கிடைப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

பிளேயர் வளர்வதற்கு மூன்று விஷயம் வேண்டும். தினசரிப் பயிற்சி, தன்னைவிடச் சிறந்தவர்களோடு மோதும் வாய்ப்பு, ஆட்டத்தில் நிமிடங்கள். பெரிய கல்லூரியில் முதல் இரண்டும் கிடைக்கும். மூன்றாவதுக்கு கியாரண்டி கிடையாது. உள்ளூர் கல்லூரியில் மூன்றாவது நிச்சயம் கிடைக்கும், முதல் இரண்டைத் தேடிப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் உச்சம் தொட்டவர்களுக்குக் குறைவில்லை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனாக இருந்தவர், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த 71-வது தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு ஆண்கள் அணி சாம்பியன். 2025 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்குக் கேப்டன் தமிழ்நாட்டின் முயின் பெக் ஹஃபீஸ்.

கோச் யார், பி.டி. யார்?

அரசு கலைக் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் என்ற பதவி உண்டு. மாணவர்கள் பேச்சில் 'பி.டி. சார்'. கபடி, வாலிபால், தடகளம், செஸ், கூடைப்பந்து எல்லாவற்றையும் பொதுவாக அவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் ஒருவரால் எல்லா விளையாட்டுக்கும் ஸ்பெஷலிஸ்ட் ஆக முடியாது.

கோச் என்பது தனி வேலை. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் குறிப்பிட்ட ஒரு விளையாட்டில் டிப்ளமோ முடித்தவர்களை 'என்.ஐ.எஸ். கோச்' என்பார்கள். கூடைப்பந்துக்கென்றே இப்படி ஒருவரை வைத்திருக்கும் கல்லூரிக்கும், வைத்திருக்காத கல்லூரிக்கும் உள்ள இடைவெளி ஸ்கோர்போர்டில் தெரியும். உள்ளூரில் படிக்கும் மாணவருக்கு மாற்று வழி, மாவட்ட விளையாட்டு அரங்கில் கூடைப்பந்துப் பயிற்சிக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் போய்க் கேட்பது.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே கல்லூரி கூடைப்பந்து என்பது பெரிய பிசினஸ். ஸ்காலர்ஷிப் கொடுத்து ஆள் எடுப்பது அங்கே பல பத்தாண்டுப் பழக்கம். 2018-ல் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் பிளேயர் தன் பெயரை அதில் பதிந்தால், மற்ற கல்லூரிகள் அவரோடு பேசலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே பிளேயர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி வந்துவிட்டது. அதனால் அங்குள்ள ரசிகர்கள் மத்தியில் ஒரே விவாதம்: புது மாணவரை எடுத்து நான்கு வருஷம் வளர்ப்பதா, வளர்ந்த ஆளை வேறு கல்லூரியிலிருந்து கொண்டுவருவதா?

நம்ம ஊரில் அந்த வசதி கிடையாது. பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்கள் என்று இரண்டாம் ஆண்டில் கல்லூரி மாற நினைத்தால் டி.சி., பாடத்திட்டம், செமஸ்டர் என்று ஆயிரம் சிக்கல். பெரும்பாலானவர்களுக்கு பிளஸ் 2 முடித்ததும் எடுக்கும் முடிவுதான் கடைசி முடிவு. அதனால்தான் இந்த முடிவு அவ்வளவு முக்கியம்.

சின்ன ஊரில் கூடைப்பந்து வளராதா?

தேனி மாவட்டம் பெரியகுளத்தைப் பாருங்கள். பெருநகரம் இல்லை. ஆனால் அங்குள்ள சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் வந்து ஆடும் ஆட்டத்தை ஊரே கூடி உட்கார்ந்து பார்க்கிறது. நல்ல ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து வளரும் பிள்ளைக்கு அதுவே பாதிப் பயிற்சி.

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அன்றைக்குச் செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி பிராக்டிஸுக்குப் போவதே சவால்தான். இவ்வளவு பேரை வரவேற்கத் தெரிந்த ஊருக்கு, வருஷத்துக்கு ஒரு நல்ல போட்டியை நடத்துவது முடியாத காரியம் இல்லை.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. டீமில் என் பிள்ளையின் பொசிஷனில் ஏற்கெனவே எத்தனை பேர்? அவர்கள் எந்த ஆண்டு படிக்கிறார்கள்?

2. கூடைப்பந்துக்கென்று தனி கோச் இருக்கிறாரா? தினமும் எத்தனை மணி நேரம் பயிற்சி?

3. காயம்பட்டு ஆட முடியாமல் போனால் கட்டணச் சலுகையும் ஹாஸ்டலும் தொடருமா? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் கேட்டுடணும்.

4. போட்டிக்குப் போகும் நாட்களில் வருகைப் பதிவு, இன்டர்னல் தேர்வு எப்படிக் கணக்கிடப்படும்?

5. பிள்ளைக்குப் பிடித்த பாடப்பிரிவு கிடைக்கிறதா, அல்லது காலியாக இருக்கும் பிரிவில் தள்ளிவிடுகிறார்களா?

இந்த வாய்ப்புகளையும் மறக்காதீங்க

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடக்கும். பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் ஆதாரம் சான்றிதழ்கள்தான். தேசியப் போட்டிக்கு படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு படிவம் 4 என்று தனித்தனி. போட்டி முடிந்த உடனே உரிய அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. வருஷம் கழித்துப் போனால் அலைச்சல்தான் மிச்சம். எந்தச் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும் என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ சென்னையா, திருவண்ணாமலையா?

பள்ளியிலேயே மாநில அணிக்கு ஆடிய பிள்ளை என்றால், தினமும் பலமான எதிரணி கிடைக்கும் பெரிய கல்லூரி உதவும். முதல் இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் வந்தால் தயங்க வேண்டாம். பிளஸ் 1-ல்தான் பந்தைத் தொட்டேன், இன்னும் உயரம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பவருக்கு, உள்ளூரில் மூன்று வருஷம் எல்லா ஆட்டத்திலும் களமிறங்குவது பெஞ்சில் உட்காருவதைவிட மேல். முதுகலைக்குப் பெரிய பல்கலைக்கழகம் போகும் வழி அவருக்குத் திறந்தே இருக்கும். கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டில் 25 வயது வரை ஆடலாம் என்பதால் அவசரப்படத் தேவையில்லை.

எந்தப் பக்கம் போனாலும் டிகிரியை விட்டுவிடக் கூடாது. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே என்று கூடைப்பந்து அணி வைத்திருக்கும் நிறுவனங்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் அங்கேயும் அணிக்கு 12 பேர்தான்.