ஈழத்தில் நூல் மதிப்புரை: ஒரு வரலாற்று நோக்கு

புதிதாக வெளிவரும் நூல்களைப் பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் மதிப்பிட்டெழுதும் முயற்சி இலக்கிய வரலாற்றாசிரியர்களின் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. நாவல், சிறுகதை, கவிதை ஆகியவற்றின் வளர்ச்சி விரிவாகப் பேசப்படுகின்றது. அவற்றை வாசகரிடம் கொண்டுசேர்த்த மதிப்புரை பற்றிய பேச்சு அரிது. விமர்சனத்தை ஆராய்வோரும் பெருங்கட்டுரைகளையே சான்றாகக் கொள்வர். சஞ்சிகையின் இறுதிப் பக்கங்களில் அரைப்பக்க அளவில் இடம்பெற்ற குறிப்புகளை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஆயின், நூலாசிரியரே பெரும்பாலும் தம் நூலுக்கு வெளியீட்டாளராகவும் விற்பனையாளராகவும் இருக்க நேர்ந்த ஈழத்துச் சூழலில், மதிப்புரை நூலின் தரத்தைக் கூறுவதோடு அமையவில்லை. நூல் வெளிவந்தது என்ற செய்தியைப் பரப்பியதும், அச்செய்தியைப் பிற்காலத்துக்குப் பதிந்துவைத்ததும் அதுவே. இப்பொறுப்பினை வரலாற்றுப் பின்னணியில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிர மரபு

நூலை மதிப்பிடும் வழக்கம் அச்சியந்திரத்தோடு தமிழுக்கு வந்ததொன்றன்று. நன்னூலின் பாயிரவியல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துரைக்கின்றது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்றவாறு அமையும் குற்றங்கள் இன்றும் மதிப்புரையாளன் ஒருவனுக்குப் பயன்படத்தக்கவையே. நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால், சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோராக அவனுடைய ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோர் சுட்டப்பட்டுள்ளனர்.

இங்கு இரு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, மேற்கூறிய குற்றங்களும் அழகுகளும் சாத்திர நூல்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. எல்லா இலக்கிய வகைகளுக்கும் பொதுவான அளவுகோல்களாக அவற்றைக் கொள்ள இயலாது. இரண்டாவது, பாயிரம் செய்வோர் யாவரும் நூலோடோ ஆசிரியனோடோ உறவுடையோர். ஆசிரியனை அறியாத ஒருவன், வாசகன் என்னும் தகுதி ஒன்றையே கொண்டு நூலைப் பற்றிக் கருத்துக் கூறுதல் அச்சுப்பண்பாட்டின் விளைவாகும். பாயிரத்திலிருந்து மதிப்புரைக்கு மாறியதென்பது உறவுரையிலிருந்து வாசகவுரைக்கு மாறியதாகும். இம்மாற்றம் ஈழத்தில் இன்றுவரை முழுமை பெறவில்லை என்பது பின்வருவனவற்றால் புலனாகும்.

ஆசிரியரே வெளியீட்டாளர்

ஈழத்து அச்சு முயற்சிகள் மிஷனரிமாராலும் அவர்களுக்கு எதிர்வினையாற்றிய சைவப் பெரியோராலும் முன்னெடுக்கப்பட்டன. 1841இல் உதயதாரகை தோன்றியது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். எழுதுபவரே அச்சிடும் பொறுப்பையும் ஏற்கவேண்டிய நிலை நாவலர் காலத்திலேயே தோன்றிவிட்டது. நூல் வெளியீட்டை முழுநேரத் தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் அதன் பின்னரும் இங்கு வேரூன்றவில்லை.

இந்நிலைக்குக் காரணம் பொருளாதார அமைப்பாகும். தமிழ் வாசகர் தொகை சிறிது. அச்சந்தையையும் தென்னிந்திய நூல்களும் சஞ்சிகைகளும் பெரிதும் நிரப்பிநின்றன. எனவே எழுத்தாளர், தம் சம்பளத்திலிருந்து மிச்சம்பிடித்தோ கடன்பட்டோ, ஐந்நூறு அல்லது ஆயிரம் பிரதிகளை உள்ளூர் அச்சகமொன்றில் அச்சிடுவார். விநியோக அமைப்பு இல்லாமையால், பிரதிகளை நண்பரிடமும் பாடசாலைகளிலும் கொண்டுசென்று விற்பார். புத்தகக்கடைக்குக் கொடுத்தால் கழிவு போக எஞ்சிய பணத்துக்குக் காத்திருப்பார். அறுபதுகளில் 'அரசு வெளியீடு' முதலிய முயற்சிகளும், எழுபதுகளில் வீரகேசரி பிரசுரங்களும் இந்நிலையை ஓரளவு மாற்றின. 1970 முதல் 1977 வரையிலான காலப்பகுதியில் தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையும் உள்ளூர் வெளியீட்டுக்கு ஊக்கமளித்தது. எனினும் பெரும்பாலான எழுத்தாளரின் நிலை மாறவில்லை. தாம் தொடங்கிய மல்லிகையைத் தாமே தெருத்தெருவாகக் கொண்டுசென்று விற்ற டொமினிக் ஜீவா இதற்குத் தக்க சான்றாவார்.

இத்தகைய சூழலில் நூலாசிரியருக்கு விளம்பரம் செய்யும் வசதி இல்லை. பத்திரிகைக்கு இரு பிரதிகளை அனுப்பி மதிப்புரைக்குக் காத்திருப்பதே அவருக்கிருந்த வழி. மதிப்புரை கிடைக்காதவிடத்து 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின்கீழ் நூலின் பெயர், ஆசிரியர், முகவரி, விலை என்பன இடம்பெறுவதும் உதவியாகவே கருதப்பட்டது. ஈழகேசரி (1930 - 1958) முதல் மறுமலர்ச்சி, கலைச்செல்வி, மல்லிகை (1966 - 2012), அலை (1975 - 1990) வரையிலான ஏடுகளின் இலக்கியப் பணியை மதிப்பிடுவோர், அவை வெளியிட்ட கதை கவிதைகளோடு இக்குறிப்புகளையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

அளவுகோற் பிரச்சினை

பல்வேறு இலக்கிய வகைகளைச் சார்ந்த நூல்கள் பெருகியபோது, எதனை எதனாற் அளப்பது என்ற வினா எழுந்தது. அறுபதுகளின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டம் இதன் வெளிப்பாடேயாகும். சிறுகதையிலும் நாவலிலும் பேச்சுவழக்கு இடம்பெறுதலை இலக்கண வழுவெனவும் இழிசனர் வழக்கெனவும் மரபுவாதிகள் கண்டித்தனர். முற்போக்கு எழுத்தாளரோ, உழைக்கும் மக்களின் வாழ்வைச் சித்திரிக்கும் இலக்கியம் அவர்தம் மொழியை ஒதுக்க முடியாதென வாதிட்டனர். மொழி பற்றிய விவாதமாகத் தோன்றினும், அது யாருடைய வாழ்வு இலக்கியமாகும் என்பது பற்றிய விவாதமே. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றமை இப்பின்னணியில் முக்கியத்துவம் வாய்ந்தது.

பிற வகைகளிலும் இப்பிரச்சினை உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த 'அலங்காரரூபன் நாடகம்' (1962) முதலிய கூத்து நூல்களைச் செய்யுள் நூல்களாகமட்டும் வாசிப்போர் அவற்றில் யாப்புக் குறைகளையே காண்பர். மத்தளமும் தாளக்கட்டும் ஆட்டமும் சேர்ந்த ஆற்றுகையை அறிந்தவரே அவற்றை உரியவாறு மதிப்பிடவல்லவர். ஆங்கில லிமரிக் வடிவத்தைத் தழுவிய மஹாகவியின் 'குறும்பா' (1966) நூலுக்குப் பழைய செய்யுள் வகைகளின் அளவுகோல் பொருந்தாது. அங்கதத்தின் கூர்மையும் ஓசையின் இறுக்கமுமே அங்கு கவனிக்கற்பாலன. ஒரு வகைக்குரிய எதிர்பார்ப்பை மற்றொன்றின்மீது சுமத்துதல் நூலுக்குச் செய்யும் அநீதியாகும்.

இன்னொரு சிக்கல் அணிமனப்பான்மை. முற்போக்கு, நற்போக்கு எனப் பிரிவுகள் தோன்றியபின், ஆசிரியர் எந்த அணியினர் என்பது நூலைத் திறக்குமுன்னரே தீர்ப்பை வகுத்துவிடும் நிலை ஏற்பட்டது. எனினும் அக்காலத்துக் கருத்து மோதல்களை வெறும் பகைமையென ஒதுக்குதல் பொருந்தாது. க. கைலாசபதி நூல்களைச் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கும் முறையை நிலைபெறச் செய்தார். மு. தளையசிங்கம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில் 1956 முதல் 1963 வரையிலான படைப்புகளை முற்போக்கு அணியினரின் நோக்கிலிருந்து வேறுபட்டு மதிப்பிட்டார். இருவரின் முடிபுகளும் முரண்படினும், நூலை வாசித்தே வாதிடவேண்டும் என்ற நிலையை அம்முரண்பாடு உருவாக்கியது.

வெளியீட்டு விழாவும் நயவுரையும்

பாயிர மரபின் உறவுரை வெளியீட்டு விழாவில் வேறுருவம் பெற்று நிலைக்கின்றது. தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என நிகழ்ச்சிநிரல் அமையும். வர்த்தகப் பிரமுகர் ஒருவர் முதற்பிரதியைப் பெறுவார். அவர் வழங்கும் தொகையும் சிறப்புப் பிரதிகளால் வரும் பணமும் அச்சகக் கடனின் ஒரு பகுதியைத் தீர்க்கும். ஆகவே இவ்விழாவை வெறும் ஆடம்பரம் எனல் தவறு. பதிப்பகம் இல்லாத சமூகத்தில் ஊரும் உறவும் கூடி நூலின் செலவைப் பகிரும் ஏற்பாடு அது. அவ்வாறு கூடிய சபையில் நூலின் குறைகளை எடுத்துரைப்பது நாகரிகமன்று என்பதும் விளங்கத்தக்கதே.

இடர்ப்பாடு எழுவது, மேடையில் நிகழ்ந்த நயவுரை மறுவாரம் மதிப்புரையெனப் பத்திரிகையில் அச்சேறும்போதாகும். மேடைக்குரிய உபசாரம் அச்சில் தீர்ப்பாக மாறுகின்றது. இதனால் முதலில் நட்டமடைபவர் நூலாசிரியரே. தொழில்முறைப் பதிப்பாசிரியர் இல்லாத சூழலில், அவரது எழுத்தைக் கவனத்துடன் வாசித்துக் குறைநிறை கூறத்தக்க முதல் வாசகர் மதிப்புரையாளரே. அவரும் புகழ்ந்துவிட்டு அகன்றால், இரண்டாவது நூலிலும் முதல் நூலின் குறைகளே தொடரும்.

மதிப்புரை ஆவணமாதல்

1981 மே 31 இரவு முதல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதே நாட்களில் பூபாலசிங்கம் புத்தகசாலையும் ஈழநாடு பணிமனையும் தீக்கிரையாயின. அதனைத் தொடர்ந்த போர்க்காலத்தில், இடம்பெயர்வுகளின்போது வீடுகளிலிருந்த நூற்சேகரங்களும் அழிந்தன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாயின. ஐந்நூறு பிரதிகளோடு வெளிவந்து மறுபதிப்புக் காணாத நூல்களுக்கு இவ்வழிவுகள் விளைவித்த கேடு பெரிது.

இந்நிலையில் பழைய சஞ்சிகைகளின் மதிப்புரைகள் புதிய பெறுமதியைப் பெறுகின்றன. பிரதி மறைந்தவிடத்தும் நூல் இருந்தது, இன்ன பொருளைக் கூறியது, இவ்வாறு வாசிக்கப்பட்டது என்பதற்கு அவை சான்றாக நிற்கவல்லன. 2002 முதல் என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' தொகுதிகளும், 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலக முயற்சியும் மேற்கொண்டுவரும் ஆவணப்படுத்தற் பணிக்கு இக்குறிப்புகள் துணைசெய்வன. பெயர், ஆண்டு, அச்சகம், பக்கம், விலை ஆகியவற்றைத் தவறாது குறித்த மதிப்புரையாளர், தம்மையறியாமலே வரலாற்றுக்கு உதவினர். இவற்றை விடுத்துப் புகழ்மொழிகளால் பக்கத்தை நிரப்பியவர்களின் எழுத்தால் நூலின் தோற்றத்தைக்கூட இன்று அறிய முடிவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஈழத்து மதிப்புரையாளனுக்கு மூன்று கடமைகள் உளவென்பது பெறப்படும். நூலின் விபரங்களைப் பிழையின்றிப் பதிதல் முதலாவது. அந்நூல் சார்ந்த வகைக்குரிய அளவுகோலால் அதனை அளத்தல் இரண்டாவது. ஆசிரியரின் உழைப்பை மதித்தவாறே குறைகளை மறையாது கூறுதல் மூன்றாவது. தம் கைப்பொருளைச் செலவிட்டு நூல் வெளியிடும் எழுத்தாளருக்குப் பாராட்டைவிட அவசியமானது, அந்நூலை இறுதிப் பக்கம்வரை வாசித்த ஒருவரின் நேர்மையான கருத்தாகும். இலக்கியம் பயிலும் பல்கலைக்கழக மாணவர் பண்டை நூல்களுக்குச் செலவிடும் கவனத்தின் ஒரு பகுதியையேனும் அண்மையில் வெளிவந்த நூல்களுக்குச் செலவிடுவாராயின், அவ்வாறான வாசகர் இந்நாட்டு எழுத்தாளருக்குக் கிடைப்பர்.