மூடிய செமினரியின் பிள்ளைகள்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நாற்பது வருடமாகப் போய் வருகிறேன். மங்கள விளக்கு, மௌன அஞ்சலி, செயலாளர் அறிக்கை, கணக்கறிக்கை, மதில் கட்ட எவ்வளவு சேர்ந்தது, புதிய நிர்வாகசபை, தேநீர். மூன்று வருடங்களுக்கு முன் அந்தத் தேநீர் வேளையில், பள்ளிக்கூடக் களஞ்சிய அறையில் கிடக்கும் பழைய சஞ்சிகைக் கட்டைப் பற்றிக் கதை வந்தது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு ஒருவரும் அவிழ்க்காத கட்டு. போய் அவிழ்த்தோம். கறையான் நடுவை அரித்துவிட்டு ஓரங்களைச் சட்டம்போல விட்டுவைத்திருந்தது. சில இதழ்கள் மட்டும் முழுசாகத் தப்பியிருந்தன. 1981இல் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களைத் தீக்குக் கொடுத்த ஊர் இது. இன்னொரு கட்டும் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடி, எஞ்சியதை வாசித்துப் பிரதி எடுப்பதென்று நாங்கள் நாலு பேர் அங்கேயே தீர்மானித்தோம்.

எங்களில் இளையவர், என்னிடம் கணிதம் படித்த பிள்ளை, "சேர், இதுக்குச் சங்கத்திட்டக் கேக்க வேண்டாமோ?" என்றார்.

"நாலு பேர் கூடி வாசிக்கிறதுக்கு ஆரிட்டத் தம்பி கேக்கிறது? செய்துபோட்டுச் சொல்லுவம்" என்றேன்.

நான் வட்டுக்கோட்டையில் பிறந்தவன். எங்கள் ஊரின் கதை தெரிந்ததால் வந்த பதில் அது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. முதல் அதிபர் டானியல் பூவர். தமிழும் இங்கிலீசும் கணிதமும் வானசாத்திரமும் அங்கே பாடம். ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யாராவது ஏற்றால், அவர்கள் சொன்ன பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். எங்கள் பெரியவர்கள் பலர் கறோல் என்றும் வைமன் என்றும் ஆர்னல்ட் என்றும் ஆனது இப்படித்தான். சிறுவயதில் இந்தப் பெயர்களைக் கேட்டு, யாரோ வெள்ளைக்காரர் என்று நினைத்திருக்கிறேன். அத்தனை பேரும் நம் ஒழுங்கைகளில் நடந்து திரிந்தவர்கள்.

படிப்பு முடிந்து போனவர்கள் ஆளையாள் விடவில்லை. 1841 ஜனவரி 7இல் 'உதயதாரகை' வெளிவந்தது. தமிழும் இங்கிலீசும் சேர்ந்த பத்திரிகை. அச்சுக்கூடம் மிஷனுடையது, ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் செத் பேசனும் செமினரியின் பழைய மாணவர்கள். பின்னாளில் அதே ஆசிரியர் நாற்காலியில் இருந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் அங்கே படித்தவர்தான். அவருடைய 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் வந்தது. தமிழ்ப் புலவர்கள் 400 பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள்.

1855இல் பொஸ்டனிலுள்ள மிஷன் தலைமையின் தூதுக்குழு வந்தது. இங்கிலீசு படித்த பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அவர்களின் மனக்குறை. அந்த வருடமே செமினரி மூடப்பட்டது.

தாய்வீடு பூட்டிக் கிடந்தது, பிள்ளைகள் கலையவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அடுத்த வருடமே, செமினரியில் படித்த றொபேட் பிறெக்கன்றிட்ஜ் என்ற தமிழர் அந்த ஊரிலேயே ஓர் உயர்பள்ளியைத் தொடங்கினார். பன்னிரண்டு வருடங்களுக்குள் பழைய மாணவர்களும் ஊர்க் கிறிஸ்தவர்களும் கூடி, எங்களுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று முயற்சியில் இறங்கினார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது.

இவை கூட்டம் கூடிச் செய்தவை. தனித்தனியாகப் போனவர்களும் ஒவ்வொரு வேலையைத் தோளில் போட்டுக்கொண்டே போனார்கள். சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை ஏடு ஏடாகத் தேடி 1887இல் கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்தார். கறோல் 'வீசகணிதம்' எழுதினார். முப்பது வருடம் அட்சரகணிதம் படிப்பித்த எனக்கு, அதைத் தமிழில் சொல்லலாம் என்று நூலாகவே காட்டிய அந்த மனிதரிடம் தனி மரியாதை. வைமன் கதிரவேற்பிள்ளை ஓர் அகராதியைத் தொகுத்தார். அவர் இறந்தபின் மதுரைத் தமிழ்ச் சங்கம் அதை அச்சிட்டது.

எந்த நிர்வாகசபையும் இவர்களுக்கு உபகுழு அமைத்துக் கொடுக்கவில்லை. பத்திரிகை வேண்டுமென்றவர் பத்திரிகைக்குப் போனார், ஏடு வேண்டுமென்றவர் ஏட்டுக்குப் போனார். சங்கங்கள் மதில் கட்டட்டும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஒரு பள்ளியின் பழைய மாணவர்களை உயிரோடு வைத்திருப்பது இந்த மாதிரிச் சின்னக் கூட்டங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் வட்டத்தில் இப்போது ஒன்பது பேர். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து வாசிப்பார்; இளையவர் கைபேசியில் படம் எடுத்து வரிசைப்படுத்துவார். கறையான் தின்ற இடத்தில் எத்தனை எழுத்துப் போயிருக்கும் என்று எண்ணி அத்தனை புள்ளி வைப்போம். ஊகித்து ஒரு சொல்லும் போடுவதில்லை.

சென்ற தையில் 1958ஆம் ஆண்டு இதழைத் திறந்தோம். பூமிசாத்திரக் கழகத்தின் அறிக்கை அகப்பட்டது. மாணவர்கள் அந்த வருடம் முழுக்க மாதா மாதம் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரின் ஆழத்தை அளந்து, அடியும் அங்குலமுமாக அட்டவணை போட்டிருந்தார்கள். மார்கழி மழைக்குப் பின் தண்ணீர் மேலே வந்ததும், ஆவணியில் இறங்கியதும் பன்னிரண்டு வரியில் இருந்தன. நாங்கள் வாசித்து முடிக்க, நீர்வழங்கல் வேலையில் இருந்து இளைப்பாறிய ஒருவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அந்தக் கிணறு இப்பவும் இருக்கு, அண்ணை" என்றார்.

மாசியிலிருந்து அவரும் இன்னும் இரண்டு பேரும் எங்களோடு வாசிக்க வருவதில்லை. சனி காலையில் கயிறும் ஈயக்குண்டும் கொண்டு கிணற்றடியில் நிற்கிறார்கள். பழைய அட்டவணைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நிரல் போட்டாயிற்று. பதினொரு மாதம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.