மூளைக்காய்ச்சலும் ரெண்டு தடவை எடுக்கற ரத்தமும்

எங்க ஊரு அனந்தபுரம், செஞ்சி பக்கம். அம்மா அடிக்கடி ஒரு கதை சொல்வாங்க. தொண்ணூறுகள்ல பக்கத்துத் தெருப் பையனுக்கு ஜுரம், வலிப்பு. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துட்டு, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும்னு சொன்னாங்களாம். அதுக்குள்ள பையன் போயிட்டான். "நோவு மூளையில, கையில எதுக்கு ரத்தம் எடுத்தாங்க?"ன்னு அவன் பாட்டி கேட்டது அம்மாவுக்கு இன்னும் மறக்கலை. எனக்கும்தான். பொட்டி தட்டுறவனுக்கு இது எதுக்குன்னு கேக்காதீங்க, தேடிப் படிச்சேன் :)

கதை ஆரம்பிக்கறது நம்ம பக்கத்துலதான். 1955-ல வேலூர் பக்கம் வந்த மூளைக்காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுது. இந்தியாவுல மனுஷங்ககிட்ட அது உறுதியானது அப்பதான் முதல் தடவை. புனே வைரஸ் ஆய்வு மையத்தோட டெல்ஃபோர்ட் வொர்க், கீர்த்தி ஷா ரெண்டு பேரும் 1956-ல எழுதின கட்டுரையோட தலைப்புலயே வட ஆற்காடு இருக்கு.

சரி, ஏன் ரத்தம்? வலிப்பு வர்றதுக்குள்ள வைரஸ் ரத்தத்தை விட்டுப் போயிருக்கும். ஆனா உடம்பு அதை எதிர்த்து உண்டாக்கின எதிர்ப்பொருள் இருக்கும். நம்ம பாஷையில சொன்னா, புரோகிராம் முடிஞ்சுது, லாக் ஃபைல் மட்டும் மிச்சம். ஒரு தடவை பார்த்தா அது பழைய லாக்கா புதுசான்னு தெரியாது. அதனால ரெண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை. அளவு நாலு மடங்கு ஏறியிருந்தா புதுத் தொற்று. அந்தப் பையனுக்கு இல்லாம போனது அந்த ரெண்டு வாரம்தான்.

அப்புறம் ஐஜிஎம் எலைசா வந்துது. ஐஜிஎம் புதுத் தொற்றுல முதல்ல வர்ற எதிர்ப்பொருள், அதனால ஒரே தடவை எடுத்தா போதும். அதுலயும் சிக்கல் உண்டு. முதல் சில நாள்ல ஒண்ணும் காட்டாது, டெங்கு வந்திருந்தாலும் குழப்பும். தொற்று வந்தவங்கள்ல சுமார் 250 பேர்ல ஒருத்தருக்குத்தான் நோய் முத்தும். அதனால ரத்தத்துல இருந்தா மூளையிலயும் இருக்குன்னு அர்த்தமில்லை. முதுகுத்தண்டு நீர்ல ஐஜிஎம் இருந்தாதான் பலமான சாட்சி.

இந்த நோய்க்குன்னு தனி மருந்து இன்னைக்கும் கிடையாது. அப்புறம் டெஸ்ட் எதுக்கு? மருந்து இருக்கற மலேரியாவையும் பாக்டீரியா மூளைக்காய்ச்சலையும் தவறவிடாம இருக்க. ரத்தத்துல மலேரியா கிருமியையும் தேடறது அதுக்குத்தான். இன்னொண்ணு, எந்த ஊர்ல பரவுதுன்னு தெரிய. நெல்வயல் தண்ணி, கியூலெக்ஸ் கொசு, கொக்கு, பன்னி எல்லாம் சேர்ந்த நம்ம தென்னாற்காடு இந்த நோய்க்குப் பேர் போன இடம். 2006-ல இந்தியாவுல ஆரம்பிச்ச தடுப்பூசித் திட்டத்துக்கு ஊர்களைத் தேர்ந்தெடுக்க உதவினது இந்த மாதிரிக் கணக்குதான்.

பாட்டிக்கு பதில் சொல்ல அவங்க இப்ப இல்லை. அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அப்ப அந்த ரத்தம் வீணாப் போகலை"ன்னாங்க.

உங்க ஊர்லயும் இப்படிக் கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.