கொஜிராவும் கொட்சில்லாவும்: ஒரு யப்பானியத் திரைப்படத்தின் கடல்கடந்த வரலாறு

ஒரு நாட்டில் ஆக்கப்பட்ட கலைப்படைப்பு மற்றொரு நாட்டைச் சென்றடையும்போது அதன் மொழி மாத்திரமே மாறுகின்றதெனக் கருதுவது பொதுவழக்கு. ஆயின், அதனை வாங்குவோர் யார், எவருக்காக அது திருத்தியமைக்கப்படுகின்றது என்னும் வினாக்களை எழுப்பும்போது, மொழியினும் ஆழமான மாற்றங்கள் புலனாகின்றன. 1954இல் யப்பானில் வெளியான ‘கொஜிரா’ என்னும் திரைப்படம் 1956இல் அமெரிக்காவிற் ‘கொட்சில்லா’வாக உருமாறிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். உலகின் பெரும்பகுதி நெடுங்காலமாகச் சிறுவர் கேளிக்கையாகவே அறிந்திருந்த இப்பூதவிலங்கு, தோற்றத்தில் ஒரு மக்களினத்தின் துயரக் குரலாக இருந்தது. அக்குரல் எவ்வாறு மங்கியது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

கொஜிராவின் பிறப்பை விளங்கிக்கொள்வதற்கு அதன் காலச்சூழலை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1945 ஓகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டுகளால் அழிக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்த நேசநாடுகளின் ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரல் வரை நீடித்தது. அக்காலத்தில் அணுகுண்டின் விளைவுகள் பற்றிய எழுத்துக்களும் படங்களும் கடுந்தணிக்கைக்கு உட்பட்டன. அனுபவித்த துயரை உரத்துச் சொல்வதற்கு யப்பானிய மக்கள் ஏழாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அத்தடை நீங்கி இரண்டாண்டுகள் கழிவதற்குள், 1954 மார்ச் 1ஆம் திகதி, பிக்கினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றைப் பரிசோதித்தது. அதன் ஆற்றல் விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததினும் ஏறக்குறைய இரண்டரை மடங்காக, 15 மெகாதொன்னாக அமைந்தது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் டிராகன்’ என்னும் யப்பானியப் படகின் மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலித் தொடர்பாளராகப் பணிபுரிந்த அய்க்கிச்சி குபோயமா செப்டெம்பர் 23ஆம் திகதி உயிரிழந்தார். சந்தைக்கு வந்த சூரை மீன்கள் கதிரியக்கத்துக்கு உட்பட்டிருந்தமை தெரியவரவே, அச்சம் ஒவ்வொரு வீட்டின் உணவுத் தட்டையும் எட்டியது. ஐதரசன் குண்டுக்கெதிரான மனுவில் 1955 ஓகஸ்டுக்குள் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

இச்சூழலிலேயே தோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர் டொமோயுக்கி தனாக்கா பூதவிலங்குப் படமொன்றைத் திட்டமிட்டார். இந்தோனேசியாவுடன் இணைந்து தயாரிக்கவிருந்த படம் கைவிடப்பட்டமையால் அவருக்கு உடனடியாக மாற்றுப் படமொன்று தேவைப்பட்டது. கடலிலிருந்து எழும் விலங்கு என்னும் கருவுக்கு 1953இல் வெளியான அமெரிக்கப் படமொன்று முன்மாதிரியாயிற்று. எனவே கொஜிராவும் வணிக நோக்கிற் பிறந்த படைப்பே. ஆயினும் அதனை நெறிப்படுத்திய இஷிரோ ஹொண்டா போர்வீரராகச் சீனாவில் இருந்து தாயகம் திரும்பிய வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரிற் கண்டவர். தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா போர்க்காலப் பிரசாரப் படங்களிற் குண்டுவீச்சுக்களை மாதிரியுருக்கள் கொண்டு அமைத்துப் புகழ்பெற்றவர். வெற்றியைக் கொண்டாடப் பயின்ற அதே கைத்திறன் இப்போது டோக்கியோ எரிவதைக் காட்டப் பயன்பட்டமை வரலாற்றின் முரணாகும்.

1954 நவம்பர் 3ஆம் திகதி வெளியான கொஜிரா, கடலிற் பேரொளி தோன்றிக் கப்பலொன்று அழிவதுடன் தொடங்குகின்றது. மீனவர் படகு பற்றிய நினைவை அக்காட்சி பார்ப்போர் மனத்தில் எழுப்பாதிருந்திருக்க முடியாது. புகையிரதத்திற் செல்லும் பெண்ணொருத்தி, கதிரியக்க மீனும் மழையும் போதாதென்று இப்போது கொஜிராவுமா என்று சலித்துக்கொள்கின்றாள். நாகசாகியில் தான் உயிர்தப்பியதையும் அவள் குறிப்பிடுகின்றாள். மற்றொரு காட்சியில், விலங்கின் தோற்றத்துக்கும் ஐதரசன் குண்டுக்கும் உள்ள தொடர்பை வெளியிடலாமா என்பது பற்றிப் பாராளுமன்றத்தில் வாக்குவாதம் மூளுகின்றது. சர்வதேச உறவுகள் பாதிக்கப்படும் என்கிறது ஒரு தரப்பு. உண்மையை மறைத்தலாகாது என்கின்றனர் பெண் உறுப்பினர்கள். இறுதியில் விஞ்ஞானி செரிசாவா, தான் கண்டுபிடித்த ஒட்சிசன் அழிப்பான் வல்லரசுகளின் கைக்குச் சென்றுவிடக் கூடாதெனக் குறிப்புக்களை எரித்து, விலங்குடன் தானும் மடிகின்றார். பரிசோதனைகள் தொடருமாயின் இன்னொரு கொஜிரா தோன்றக்கூடும் என்ற முதிய அறிஞர் யமானேயின் எச்சரிக்கையுடன் படம் முடிகின்றது.

இப்படத்தை வாங்கிய அமெரிக்க விநியோகஸ்தர்கள் யப்பானியப் படமொன்றைப் பொதுமக்கள் அரங்குகளில் விற்பதற்கு அமெரிக்க முகமொன்று தேவையெனக் கருதினர். டெரி மோர்ஸின் நெறியாள்கையிற் புதிய காட்சிகள் படமாக்கப்பட்டன. நடிகர் றேமண்ட் பேர் ஸ்டீவ் மார்ட்டின் என்னும் பத்திரிகையாளராகத் தோன்றினார். யப்பானியப் பாத்திரங்களுடன் அவர் உரையாடுவதாகக் காட்டுவதற்கு, முதுகுப்புறத்தை மாத்திரம் காட்டும் மாற்று நடிகர்கள் பயன்படுத்தப்பட்டனர். 96 நிமிடப் படம், புதிய காட்சிகள் சேர்ந்த பின்னரும் 80 நிமிடமாகக் குறைந்தது. புகையிரதப் பெண்ணின் நாகசாகி பற்றிய பேச்சு இடம்பெறவில்லை. பாராளுமன்ற வாக்குவாதமும் இல்லை. யமானேயின் எச்சரிக்கை நீக்கப்பட்டு, ஆபத்து அகன்றது, உலகம் மீண்டும் வாழலாம் எனும் பொருள்பட மார்ட்டின் கூறும் ஆறுதலுரை முடிவாயிற்று.

இதனை முழுமையான மூடிமறைப்பு என்று கூறுதல் பொருந்தாது. விலங்கை எழுப்பியது ஐதரசன் குண்டே என்ற விளக்கம் அமெரிக்கப் பதிப்பிலும் உண்டு. செரிசாவாவின் தியாகமும் உண்டு. அரசியலில் தமக்கு நாட்டமிருக்கவில்லை, விற்கக்கூடிய படமொன்றே வேண்டியிருந்தது எனத் தயாரிப்பாளருள் ஒருவரான றிச்சட் கே பின்னாளிற் கூறினார். அக்கூற்றை ஐயுறவேண்டியதில்லை. ஆனால் பிரச்சினை அங்குதான் உள்ளது. ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கையாளர் கட்டளையிட்டு நீக்கிய நினைவையே, எவரும் கட்டளையிடாமல், சந்தை தன் போக்கில் நீக்கிற்று. மேலும், மூலப்படத்தில் யப்பானியர் துன்புறுவோராக மாத்திரமன்றித் தம் துன்பத்தின் காரணத்தை விவாதிப்போராகவும் உள்ளனர். அமெரிக்கப் பதிப்பிலோ அவர்களது உரையாடல்களிற் பல மொழிபெயர்க்கப்படாமலே ஒலிக்கின்றன. விளக்கிச் சொல்லும் உரிமை அந்நியச் செய்தியாளருக்குரியதாகின்றது. குண்டை வீசிய நாட்டவர் ஒருவரே அழிவின் முதன்மைச் சாட்சியாகின்றார்.

இதன் விளைவு நெடிது. 1956இல் வெளியாகிய இவ்வடிவமே உலகின் பல பகுதிகளுக்குச் சென்றது. ‘நியூயோர்க் ரைம்ஸ்’ விமரிசகர் பொஸ்லி குறௌதர் அதனைத் தரங்குறைந்த படமெனப் பரிகசித்தார். அவர் கண்டது மூலத்தையன்று என்பது குறிப்பிடத்தக்கது. 1957இல் இவ்வமெரிக்கப் பதிப்பு யப்பானிலேயே திரையிடப்பட்டது. தம் துயரின் திருத்திய வடிவத்தை யப்பானியரே கட்டணஞ் செலுத்திப் பார்த்தனர். யப்பானிய அமெரிக்கர் வாழ்ந்த பகுதிகளின் சில அரங்குகள் நீங்கலாக, மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளிற் பரவலாகக் காட்டப்படுவதற்கு 2004ஆம் ஆண்டு வரை, அரை நூற்றாண்டு கழியவேண்டியிருந்தது. அப்போதுதான் அங்குள்ள பலரும், தாம் சிரித்துப் பழகிய விலங்கின் பின்னால் ஒரு நகரத்தின் சாம்பல் இருந்ததை உணர்ந்தனர்.

எனவே ஒரு படைப்பின் பெயரும் உருவமும் எல்லை கடந்துவிட்டமையால் அதன் பொருளும் கடந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. கொஜிராவிடமிருந்து விலங்கை எவரும் அகற்றவில்லை, விற்பனைக்குரியது அதுவே. அகன்றவை ஒரு பெண்ணின் நினைவும், ஒரு சபையின் வாக்குவாதமும், ஒரு முதியவரின் எச்சரிக்கையுமே. அயல்நாட்டுப் படைப்பொன்றை மதிப்பிடப் புகுவோர், தம் கைக்கு வந்துசேர்ந்தது எவ்வடிவம், அதில் எவரது குரல் விடுபட்டது என்று முதலில் வினவுதல் கடனாகும்.